மேஜையில் இடமில்லாத இரண்டு வளைவுகள்

ஒரு மலையைப் பற்றிப் பாட்டுக் கட்டுவதற்கு முன்னால் அந்த மலையை மேஜைமேல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பது அந்தப் பேருந்து ஓட்டுநருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் பாட்டே கட்டியிருக்க மாட்டார். பேசாமல் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டு போயிருப்பார். ஏற்கெனவே ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'ஹாரன்' என்றால்தான் தெரியும்.

அவர் பாட்டுக் கட்டியதற்குக் காரணம் கலைத் தாகம் அல்ல, மூடுபனி. அந்த மலைப்பாதையில் பனி இறங்கிவிட்டால் முன்கண்ணாடிக்கு வெளியே யாரோ வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டுப் போனது போல இருக்கும். வைப்பரைப் போட்டால் தாள் சுத்தமாகும், அவ்வளவுதான். பதினான்கு வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயத்தை மறைக்க ஏதோ முனகிக்கொண்டு ஓட்டியவர், ஒருநாள் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இரண்டாவது கியரில், ஒரே சீரான வேகத்தில் போனால், இரண்டு வரி பாடி முடிக்கிற நேரத்தில் அடுத்த வளைவு வந்து நிற்கிறது. அன்றிலிருந்து வளைவுக்கு இரண்டு வரி வீதம் பாட்டு வளர்ந்தது. தூரம் அதிகமாக இருந்தால் வரியை இழுத்தார். குறைவாக இருந்தால் சுருக்கினார்.

மொட்டப்பாற மாமனாருக்குக் கும்பிடு போடு,
முட்டிக்காம இடது பக்கம் மெல்லமா ஓடு.
கோணமரம் கூப்பிட்டாலும் கிட்டப் போகாத,
கொஞ்சம் பொறு, ரெண்டுல வா, வேகம் ஏத்தாத.
ஓடத்தண்ணி சத்தம் கேட்டா ஹாரன் ரெண்டு அடி,
ஓரத்துல பள்ளமிருக்கு, ஓட்டத்தப் புடி.

இப்படிப் போகும். இதில் கவிதை இருக்கிறதா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அது அவருக்குத் தெரியும். அவருடைய மனைவி மலை உச்சியில் இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் முதல் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து மேலே போவாள். பின்னால் இருப்பது மனைவி என்றால் ஓட்டுகிறவனுக்குப் பிடரியில் தனியாக ஒரு கண் முளைத்துவிடுகிறது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நடத்துநர் அம்மாள்தான். அவளுக்கு 'விசில்' என்று பெயர். அவள் ஒருநாள் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து தன் நாத்தனாருக்கு அனுப்பினாள். நாத்தனார் நாலு பேருக்கு அனுப்பினாள். நகரத்தில் யாரோ அதற்கு மேளம் சேர்த்தார்கள். மாதம் முடிவதற்குள் முடிவெட்டும் கடையிலும் மருந்துக்கடையிலும் அதே பாட்டு. மாமனாருக்குப் பயந்து, கூப்பிடுகிற இன்னொருத்தியையும் தவிர்த்து, காதலில் உறுதியாக நிற்கும் ஓர் இளைஞனின் கதை அது என்று வானொலியில் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். ஓட்டுநர் அதை வண்டி கழுவும்போது கேட்டார். நல்ல பையன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வட்டார நிலக்காட்சிப் பாடல் வாரியம் கண் விழித்தது. வட்டாரத்தின் மலை, ஆறு, காடு ஆகியவற்றைப் பற்றி மக்கள் விரும்பும் பாடல்களை உருவாக்குவதற்காக இருபது வருஷத்துக்கு முன் ஆரம்பிக்கப்பட்ட அமைப்பு அது. ஏழு உறுப்பினர்கள், ஒரு கட்டடம், கட்டடத்தின் முன்னால் ஒரு பூந்தொட்டி. இதுவரை ஒரு பாட்டும் வரவில்லை. தங்கள் அனுமதி இல்லாமல் ஒரு மலை பிரபலமாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் வாரியத்துக்கு உறக்கம் கலைந்து, ஓட்டுநரை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் போனார். துணைக்கு விசிலும் போனாள். கூட்ட அறையின் நடுவில் ஒரு நீள மேஜை, அதன்மேல் அவர்களுடைய மலை கிடந்தது. காகிதக்கூழால் செய்து பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். உச்சியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பாதை ஒரு கறுப்பு நாடா. வாரியம் எந்த நிலக்காட்சியையும் இப்படித்தான் ஆராய்வது வழக்கம். காரணம், தலைவருக்கு வளைவு ஆகாது. மூன்றாவது திருப்பத்திலேயே குடலைப் புரட்டும். தலைவர் போகாத இடத்துக்கு மற்றவர்கள் போவது மரியாதை இல்லை என்பதால் யாருமே போனதில்லை.

தலைவர் மேஜையின் தலைமாட்டில் நின்று வரவேற்புரை ஆற்றினார். "மலையை யார் வேணும்னாலும் பார்த்துடலாம். கண்ணு இருந்தா போதும். ஆனா மலை எப்படி இருக்கணும்னு பார்க்கறதுக்கு ஒரு வாரியம் வேண்டியிருக்கு. இந்த இருபது வருஷத்துல நாங்க ஒரு தப்பான பாட்டைக்கூட வெளியிட்டதில்லைங்கறதை உங்ககிட்ட பெருமையோட சொல்லிக்கறேன்."

ஆறு உறுப்பினர்களும் கை தட்டினார்கள். ஓட்டுநரும் தட்டினார், தட்டாவிட்டால் அது ஒரு குற்றமாகப் பதிவாகுமோ என்று பயம்.

பிறகு அவரைப் பாடச் சொன்னார்கள். அவர் பாடப் பாட, ஒரு குமாஸ்தா தீப்பெட்டி அளவு பொம்மைப் பேருந்தைக் கறுப்பு நாடாவின்மேல் தள்ளிக்கொண்டே போனார். பேருந்து உச்சியை அடைந்து பஞ்சில் முட்டி நின்றது. ஓட்டுநர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார். 

நிலக்காட்சி நிபுணர் என்கிற உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலையில் பன்னிரண்டு வளைவுதான் இருக்கிறது, பாட்டில் பதினான்கு வருகிறது, மீதி இரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பதினான்கு இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னார். குனிந்து நாடாவையும் பார்த்தார். ஏழாவது வளைவு முடிந்ததும் நேராகப் பத்தாவது வந்தது. எட்டையும் ஒன்பதையும் காணோம். எண்ணிக் காட்டச் சொல்லி அவரையே கேட்டார்கள்; அவர் விரல் வைத்து எண்ணினார்; அவருக்கும் பன்னிரண்டுதான் வந்தது.

பொம்மையைத் தள்ளிய குமாஸ்தா, ஓட்டுநரின் காதருகே வந்து, மேஜை நீளம் பத்தவில்லை, எட்டும் ஒன்பதும் செயலாளர் நாற்காலிமேல் வருகிற மாதிரி இருந்தது, அதனால் எடுத்துவிட்டோம் என்று மெல்லச் சொன்னார். இதை அவர் சபையில் சொல்லவில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

நிபுணர் அடுத்த குறைக்குப் போனார். ஐந்தாவது வளைவுக்குப் பக்கத்தில் இவ்வளவு அழகான ஏரி இருக்கிறது, அதைப் பற்றிப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லையே என்றார். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். போன வருஷக் கூட்டத்தில் யாரோ தேநீரைக் கொட்டியிருந்த கறை அது. விசில் அதை முகர்ந்து பார்த்தே சொன்னாள். ஆனால் வாரியத்தின் ஆண்டறிக்கையில் அது ஏரி என்று ஏறிவிட்டதாம். ஏறியதை இறக்க அவர்களிடம் படிவம் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு மலை கோணல். இரண்டு வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. பாட்டு வட்டாரத்தின் அதிகாரபூர்வ நிலக்காட்சிப் பாடலாக ஏற்கப்படுகிறது. சில சிறு திருத்தங்கள் மட்டும் செய்யப்பட்டுள்ளன. எட்டு, ஒன்பது வளைவுகளுக்கான வரிகள் ஆதாரம் இல்லாததால் நீக்கம். 'மொட்டை' என்ற சொல், உறுப்பினர் ஒருவரின் மனம் புண்படுவதால் நீக்கம். ஏரி சேர்ப்பு. அதோடு வாரியத்துக்காக இரண்டு வரி:

வாரியத்தின் வழிகாட்டலில் வளரும் எங்கள் மலையே,
ஏரியோரம் எழில்கொஞ்சும் ஒழுங்குமுறை நிலையே.

அந்த வழித்தடத்தில் ஓடும் பேருந்து இனி அங்கீகரிக்கப்பட்ட பாடலின்படியே இயங்க வேண்டும். அதற்காக ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு பெட்டி பொருத்தப்படும். எஞ்சினைக் கிளப்பினால் அதுவே பாடும். ஓட்டுநர் பழைய வடிவத்தைப் பாடக்கூடாது. மூன்று முறை மீறினால் பணிமனையில் வண்டி கழுவும் வேலை; அவர் இடத்துக்குச் சமவெளியிலிருந்து, அதிகாரபூர்வப் பாடலில் பயிற்சி பெற்ற வேறு ஓட்டுநர் வருவார்.

ஓட்டுநர் இதைச் சாப்பிடும்போது மனைவியிடம் படித்துக் காட்டினார். வண்டி கழுவுவதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. அவர் தட்டைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் வேறு. இந்தப் பெட்டியை மட்டும் நம்பி எவனோ ஒருவன் பனியில் வண்டி ஓட்டுவான், ஏழாவது வளைவு தாண்டியதும் பெட்டி நேராகப் போகச் சொல்லும், அவனுக்குப் பின்னால் இவள் உட்கார்ந்திருப்பாள். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"நீங்க வண்டி கழுவுனா நான் நடந்து போயிக்கறேன். அந்த வண்டியில ஏற மாட்டேன். ஆனா மத்தவங்க ஏறுவாங்களே."

மறுநாளிலிருந்து பெட்டி பாடியது. ஐந்தாவது வளைவில் ஏரியைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே வளைவு வந்து போய்விடும். ஆறாவதில் வாரியத்தை வாழ்த்திக்கொண்டிருக்கும்போது எதிரே லாரி வரும். ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் பாட முயன்றார். காதில் ஒன்று, மனசில் ஒன்று என்றால் கை எதைக் கேட்கும்? நான்காவது நாள் பனி இறங்கியபோது அவரையும் அறியாமல் வாய் திறந்துவிட்டது. பெட்டிக்குள் காதும் இருந்திருக்கிறது. முதல் மீறல்.

அதற்குப் பிறகு பயணிகள் பாட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது நர்ஸ் அம்மாள். மேலே பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார் சேர்ந்துகொண்டார். காய்கறி மூட்டைக்காரர் கட்டைக்குரலில் தாளம் தட்டினார். உத்தரவில் ஓட்டுநர் பாடக்கூடாது என்றுதானே இருக்கிறது? ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: பயணிகளும் பாடக்கூடாது. சரி என்று வார்த்தை இல்லாமல் முனகினார்கள். இன்னொரு சுற்றறிக்கை: முனகலும் பாடலே. காலால் தட்டினார்கள். மூன்றாவது சுற்றறிக்கை, தாளம் பற்றியது, படத்தோடு வந்தது. முனகலுக்கு ஓட்டுநரே பொறுப்பு என்று அதில் இரண்டாவது மீறலும் எழுதப்பட்டிருந்தது. மூச்சு விடுவதற்கும் படிவம் வருமா என்று நர்ஸ் அம்மாள் கேட்டாள்.

இன்னும் ஒரே ஒரு மீறல்தான் மிச்சம். இந்த நேரத்தில்தான் அதிகாரபூர்வப் பாடலைக் கல்லில் பொறித்து மலை உச்சியில் நாட்டுவது என்று முடிவாயிற்று. கல்லை முதல்நாளே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். திறந்து வைக்கத் தலைவர் போயே ஆகவேண்டும். பாடலின் பெருமையை உணர்த்தும் வகையில் ஏழு பேரும் அதே பேருந்தில், பெட்டியின் பாடலைக் கேட்டபடி பயணம் செய்வார்கள் என்று செய்தி கொடுத்துவிட்டார்கள். தலைவர் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, மடியில் ஒரு காகிதப் பையை வைத்துக்கொண்டு, முன் இருக்கையில் அமர்ந்தார். ஓட்டுநருக்குப் பின்னால் வழக்கம்போல நர்ஸ் அம்மாள்.

இரண்டாவது வளைவிலேயே பனி இறங்கியது. பெட்டி முழங்கியது. ஓட்டுநர் வண்டியை நடக்கவிட்டார். மனிதன் இறங்கி நடந்தால் முந்திவிடுவான், அந்த வேகம். தலைவர் மூன்றாவது வளைவில் பையைத் திறந்தார்; ஐந்தாவதில், "ஏரி எங்கே" என்று கேட்டுவிட்டு மறுபடி பைக்குள் குனிந்தார். பனியில் தெரியவில்லை என்று நிபுணர் சமாளித்தார். ஆறு போயிற்று. ஏழு போயிற்று. அதற்குப் பிறகு வண்டி நின்றது. ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். பெட்டியும் வாயை மூடியது. இவ்வளவு அமைதியை அந்த வண்டி பல வாரமாகக் கேட்டதில்லை.

ஏன் நின்றது என்று தலைவர் பையிலிருந்து தலை தூக்கிக் கேட்டார்.

"எட்டாவது வளைவுங்க ஐயா. நம்ம பாட்டுல இல்ல. பாட்டுப்படி இங்கேர்ந்து நேரா போகணும். உத்தரவும் அப்படித்தான் இருக்கு." ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே, மிகுந்த மரியாதையோடு கேட்டார். "போகட்டுங்களா?"

மேஜையில் நேராகத்தான் இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்றார் நிபுணர். தலைவருக்கு எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. கையை அசைக்கப் போனார். ஓட்டுநரின் கை சாவிப் பக்கம் நகரவே இல்லை. அதற்குள் விசில் குறுக்கிட்டு, அவ்வளவு தூரம் படித்தவர் ஒரு தடவை இறங்கிப் பார்த்துச் சொன்னால் எங்களுக்கும் ஒரு தைரியம் என்று நிபுணருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

நிபுணர் இறங்கினார். வெள்ளைத்தாளுக்குள் இரண்டடி நடந்தார். மூன்றாவது அடிக்குக் கால் வைத்தபோது அங்கே கால் வைக்க எதுவும் இல்லை. விசில் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் வாரியத்தில் ஓர் இடம் காலியாகியிருக்கும். தலைக்கு வந்தது செருப்போடு போயிற்று. இடது கால் செருப்பு கழன்று கீழே விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். நர்ஸ் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவே இல்லை.

நிபுணர் படியேறி வந்து உட்கார்ந்தார். வளைவு இருக்கலாம் என்றார்.

உடனே பேருந்துக்குள் வாரியத்தின் அவசரக் கூட்டம் கூடியது. ஏழு பேரும் இருந்ததால் தடையில்லை. ஆனால் செயலாளர், எந்தப் பொருளையும் விவாதிக்க ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று விதியைக் காட்டினார். அப்படியானால் ஏழு நாள் இங்கேயே இருக்கலாம், நான் யாருக்கும் பிரசவம் பார்க்கிற அவசரத்தில் இல்லை என்றாள் நர்ஸ் அம்மாள். உண்மையில் அன்றைக்கு மேலே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் வாழ்க்கையில் சொன்ன மிகச் சில பொய்களில் அது ஒன்று. தலைவர் பைக்குள்ளிருந்தே முன்னறிவிப்பைத் தள்ளுபடி செய்தார். எட்டாவது வளைவு தற்காலிகமாக அங்கீகரிக்கப்படுவதாகவும், அதற்குரிய இரண்டு வரிகளை ஓட்டுநர் பாடலாம் என்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செயலாளர் அதைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதினார்.

"ஐயா, இதை முடிச்சதும் ஒன்பது வரும்" என்றார் ஓட்டுநர்.

"அதையும் சேர்த்து எழுதிடுங்க. இன்னும் எத்தனை இருக்கு?"

"பத்துலேர்ந்து உங்க மேஜையில இருக்குங்க."

விசில் பெட்டியின் கம்பியைப் பிடுங்கினாள். அதை யாரும் பார்க்கவில்லை என்று ஏழு பேரும் முடிவு செய்துகொண்டார்கள். எஞ்சின் உறுமியது. ஓட்டுநர் தொண்டையைச் செருமி, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலை எடுத்தார்.

பாதி மலை ஏறிட்டோம்னு பல்லக் காட்டாத,
பக்கத்துல ஆகாசந்தான், வலத விட்டுடாத.

இரண்டாவது வரி முடிந்தது, ஸ்டியரிங் சுற்றியது, பாறை ஒரு முழம் தள்ளி ஒதுங்கிப் போயிற்று. பின்னாலிருந்து நர்ஸ் அம்மாளின் குரல் சேர்ந்தது. வாத்தியார் சேர்ந்தார், மூட்டைக்காரர் சேர்ந்தார். ஒற்றைச் செருப்போடு நிபுணரும் பாடினார். பதினோராவது வளைவில் கவனித்தால், பையைப் பிடித்துக்கொண்டு தலைவரும் வாயசைத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு நல்ல சாரீரம். அன்றைக்கு ஓட்டுநர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

உச்சியில் வெயில் அடித்தது. கல்லின் திரையை விலக்கிவிட்டுத் தலைவர் பேசினார். காலடியில் கெட்டித் தரை வந்ததும் அவருக்குத் தலைமைப் பண்பு திரும்பியிருந்தது. "மலைன்னு ஒண்ணு இருந்தா வளைவு இருக்கும்னு சாதாரண ஜனங்க நெனைப்பாங்க. இன்னைக்கு வாரியம் உயிரைப் பணயம் வெச்சு ரெண்டு புது வளைவைக் கண்டுபிடிச்சிருக்கு. நாங்க வரலேன்னா அந்த ரெண்டும் இன்னும் எத்தனை வருஷம் கேட்பாரில்லாம கிடந்திருக்குமோ." ஆறு உறுப்பினர்களும் கை தட்டினார்கள். இந்த முறை ஓட்டுநர் தட்டவில்லை. அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் ஏழு பேரும் அதே பாட்டோடு, இறங்குமுகமாக, பதினான்கிலிருந்து ஒன்றுவரை கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வாரியம் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு இரண்டு வளைவையும் அதில் வைத்தது. செயலாளர் நாற்காலி சற்றுத் தள்ளிப் போடப்பட்டது. ஏரி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எட்டு, ஒன்பது வளைவுகளுக்கான அங்கீகாரம் ஆறு மாத காலத்துக்கு மட்டுமே. அதுவரை பழைய பாட்டு முழுவதையும் பாட ஓட்டுநருக்கு அனுமதி. அதன்பின், வளைவுகள் தொடர்ந்து இருப்பதை உறுதிசெய்து, வளைவுகளின் சார்பில் ஓட்டுநர் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் அண்மையில் எடுத்த இரண்டு புகைப்படங்கள் இணைக்க வேண்டும். தவறினால் வளைவுகள் காலாவதியாகும். பெட்டி மறுபடி பாடும்.

ஆறு மாதம் முடிந்தபோது பனிக்காலம். நர்ஸ் அம்மாள் கைப்பேசியை நீட்டி, எட்டாவதில் இரண்டு, ஒன்பதாவதில் இரண்டு என்று எடுத்தாள். ஓட்டுநர் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினார். பத்து நாளில் அது திரும்பி வந்தது. நான்கு புகைப்படங்களும் வெறும் வெள்ளையாக இருக்கின்றன, அவற்றில் வளைவோ மலையோ எதுவுமே தெரியவில்லை, விளக்கம் தேவை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். விளக்கத்துக்கு ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள்.

ஓட்டுநர் அதை வண்டிக்கு எடுத்துப்போனார். காலை முதல் நடை. மனைவி பின்னால் வந்து உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு ஸ்டியரிங்மேல் தாளை வைத்து, கண்ணாடிக்கு வெளியே இருந்த வெள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார்:

"அங்கே எதுவும் தெரியாது ஐயா, அதனால்தான் பாடுகிறோம்."